நடுவக்குளத்து அமலை

ஜனவரி 18

நூலகக் கட்டிடத்தில் குளக்குழுக் கூட்டம். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வெள்ளத்துரை தலைவர், இந்தக் குளத்துப் பாசனத்தில் அதிக வயல் அவருக்குத்தான். செயலாளர் யார் என்று கேள்வி வந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போஸ்ட்மாஸ்டர் அண்ணாச்சி கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ரிட்டயர் ஆயி வீட்ல சும்மாதான இருக்காவ," என்றார் வெள்ளத்துரை.

மறுக்க முடியவில்லை. அன்றாட வேலையைப் பதிய ஒரு நீள நோட்டு கொடுத்தார்கள். வரும் வழியில் எனக்கென்று இன்னொரு நோட்டு வாங்கிக்கொண்டேன். இது அதுதான்.

குளம் முழுக்க ஆகாயத்தாமரை. எங்கள் பக்கம் அமலை என்போம். கரையில் நின்றால் தண்ணீரே தெரியவில்லை. நடவு முடிந்த வயல் போலப் பச்சை, இடையிடையே ஊதாப் பூ. மடையில் தண்ணீர் இறங்கவில்லை என்று விவசாயிகளும், கொசு தாங்கவில்லை என்று தெருக்காரர்களும் மாறி மாறிச் சொன்னார்கள்.

ஆற்றுத் தண்ணீர் வராத குளம் இது. மழை பெய்தால்தான் பெருகும். பிறகு அமலை எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். "மீன்குஞ்சோட வந்திருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் மாசானத்தைப் பார்த்தார்கள். குளத்து மீன் குத்தகை அவருடையது. இரண்டு வருடம் முன்பு ஆற்றோரப் பண்ணை ஒன்றிலிருந்து குஞ்சு வாங்கி வந்து விட்டார். நாற்காலி காலியாக இருந்தும் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"நான் மீனுதான் கொண்டாந்தேன். செடி கொண்டாரல," என்றார். அதற்குள் பேச்சு ஜேசிபி பக்கம் போய்விட்டது.

குழு நோட்டில் எழுதினேன்: செடி வந்த வழி தெரியவில்லை.

ஜனவரி 21

வேலை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். மூங்கில் கழியில் கொக்கி கட்டி இழுத்தோம். ஒரு செடி கையில் எடுத்தால் ஒன்றுமில்லை. பத்து செடி பின்னிக்கொண்டு வந்தால் நனைந்த மெத்தையை இழுப்பது போல இருக்கிறது. வேர் கறுப்பாக, பெண்களின் ஈரத் தலைமுடி மாதிரி தொங்குகிறது.

மாசானம் தன் தெர்மாக்கோல் மிதவையில் நடுக்குளத்துக்குப் போய், அமலைப் பாயை அரிவாளால் துண்டு துண்டாக அறுத்து, கயிறு கட்டிக் கரைக்கு அனுப்பினார். நாங்கள் இழுத்தோம். மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோதும் அவர் இறங்கி வரவில்லை.

என் மனைவி செண்பகம் தூக்குவாளியில் மோர் கொண்டுவந்தாள். கரைமேல் குவித்திருந்த செடிகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 22

முதுகு வலி. தைலம் தேய்த்துப் படுத்தேன்.

ஜனவரி 29

வேளாண் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினார். அவர் சொன்னவை:

ஒரு செடி பதினைந்து நாளில் இரண்டாகும். அறுத்துவிட்டுத் துண்டுகளைத் தண்ணீரிலேயே விட்டால் ஒவ்வொன்றும் தனிச் செடியாகும். பூத்து உதிர்ந்த விதை சேற்றுக்குள் பதினைந்து, இருபது வருடம் உயிரோடு இருக்கும். குளத்தைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று யாரும் கையைக் கட்டிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு வருடமும் முளைப்பதைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

எப்படி வந்திருக்கும் என்று வெள்ளத்துரை கேட்டார்.

"பல வழி இருக்குங்க. வெள்ளத்துல வரும், வலையில வரும். பல ஊர்ல பார்த்தது, பூ அழகா இருக்குன்னு யாராவது வீட்டுத் தொட்டியில வளர்ப்பாங்க. அப்புறம் வேண்டாம்னு கொண்டுவந்து குளத்துல விடுவாங்க. கெட்ட எண்ணத்துல செய்யறதில்ல."

எல்லாவற்றையும் குறிப்பெடுத்தேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் குழு நோட்டில் ஏற்றவில்லை. இடம் போதவில்லை.

பிப்ரவரி 3

செண்பகத்துக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கினேன். சிலிண்டருக்குச் சொல்லியிருக்கிறேன்.

சாப்பிடும்போது கேட்டாள்: "நம்ம கோமு தொட்டில வச்சிருந்தது இதே செடிதான?"

"இதே வகைதான்."

"நர்சரிக்காரன்ட்ட திருப்பிக் கொடுத்துட்டேன்னுதான சொன்னிய?"

"ஆமா."

அவள் மேலும் ரசம் ஊற்றினாள். நான் போதும் என்று கையைக் காட்டியும் ஊற்றினாள்.

பிப்ரவரி 11

மீன் செத்து மிதக்கிறது. பாயை அறுத்தெடுத்த இடத்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாக வயிறு தெரிகிறது. மேலே அமலை மூடி, கீழே காற்று இல்லாமல் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போதுதான் கண்ணில் படுகிறது. மாசானமும் அவர் மனைவி பேச்சித்தாயும் கூடையில் அள்ளிக் கரையோரம் குழி தோண்டிப் புதைத்தார்கள். கட்லா ஒன்று கைக்குழந்தை அளவு இருந்தது. பேச்சித்தாய் அதை மட்டும் தனியாக எடுத்துப் போட்டாள்.

மாசானத்தின் கால் முழுக்கப் புண். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பதால் தோல் வெளுத்து, சொறிந்து சொறிந்து ரத்தம் கசிகிறது.

"செஞ்ச பாவத்தக் கழுவுதான்," என்றார் வெள்ளத்துரை, என் காதருகே. தப்பான ஆள் இல்லை அவர். பயிர் காய்ந்த கோபம்.

நான் நோட்டில் ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 17

கூட்டம். மாசானம் இல்லாத நேரம் பார்த்துக் கூட்டியிருந்தார்கள். அவருடைய மீன் குத்தகையை ரத்து செய்யச் சொல்லி மீன்வளத்துறை அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று முடிவானது. மீன்குஞ்சோடு களைச்செடியைக் கொண்டுவந்து குளத்தை நாசமாக்கியதாகக் குற்றம்.

"ஆதாரம் வேணுமே," என்றேன்.

"அவன் குஞ்சு விட்டது எந்த வருசம்? அமலை வந்தது எந்த வருசம்? இத விட என்ன ஆதாரம் அண்ணாச்சி?" என்றார் வெள்ளத்துரை.

வருடம் சரியாகத்தான் இருக்கிறது. அந்தக் கார்த்திகையில்தான் அவர் குஞ்சு விட்டார். அந்தக் கார்த்திகையில்தான்.

செயலாளர்தான் எழுத வேண்டும். எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை.

பிப்ரவரி 18

கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது.

பிப்ரவரி 19

இன்றும்.

பிப்ரவரி 22

"அண்ணாச்சி, லெட்டர் போட்டாச்சா?" என்று வெள்ளத்துரை கேட்டார். முப்பத்தாறு வருடம் ஊராரின் கடிதங்களை ஒருநாள்கூடத் தாமதிக்காமல் அனுப்பியவன் நான். தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னைத் தெரிந்தவள். ஐயா உட்காருங்க என்று நாற்காலி போட்டாள்.

மார்ச் 2

காலையில் மாசானம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டீஸ். பதினைந்தாம் தேதி விசாரணை, அதற்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது.

"எவனோ எழுதிப் போட்டிருக்கான் ஐயா. எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனா ஆபீஸ் பாஷையில பதில் எழுத வராது. நீங்கதான் எழுதித் தரணும்."

வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். செண்பகம் காப்பி கொண்டுவந்தாள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"குஞ்சு வாங்கிட்டு வந்ததும் அப்படியே விடல ஐயா. பேச்சி அவ பழைய சேலைய மடிச்சுப் பிடிச்சா. அதுல வடிகட்டி, ஒவ்வொரு கை கையா அள்ளித்தான் விட்டேன். பாசி கூட வந்திருக்காது. அதுவும் வடக்கு மடைகிட்ட விட்டேன். அமலைய நான் மொதல்ல பாத்தது எங்கன தெரியுமா? தெக்குப் படித்துறை. படியோரமா மூணு செடி, ஒரு பூவோட. காத்துக்குத் தள்ளி வந்திருக்கும்னு நினைச்சேன். அன்னைக்கே பிடுங்கி எறிஞ்சிருக்கணும். பூ நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

பேனா மை தீர்ந்துவிட்டது போலிருந்தது. உதறிப் பார்த்தேன். மை இருந்தது.

"தெக்குப் படித்துறைன்னும் எழுதுங்க ஐயா," என்றார்.

எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். எனக்கு அவரை விடப் பதினைந்து வயது அதிகம். அதற்காகக் கும்பிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 3

செண்பகம் நேற்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இன்று காலை துணி காயப்போட மாடிக்குப் போனவள் வெகுநேரம் கீழே வரவில்லை. நான் போனேன். தொட்டி இருந்த இடத்தில் தளத்தின் மேல் வட்டமாக ஒரு தடம் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றாள்.

"தெக்குப் படித்துறைல விட்டது நீங்கதான?"

ஆமாம் என்றேன்.

நடந்ததை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். கோமதி எங்கள் ஒரே மகள். திருமணமாகிப் பதினெட்டு வருடம் கழித்துப் பிறந்தவள். பதினேழாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மாடியில் ஒரு தொட்டியும், அதில் மிதக்கிற ஊதாப் பூச்செடியும் என்றாள். நர்சரியில் நானே வாங்கி வந்தேன். அந்தச் சின்னத் தொட்டியில் ஒரு செடி மூன்றானது. மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். பெயர்களை எழுதப் போவதில்லை. ஐப்பசி கடைசியில் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஆறாம் நாள் போய்விட்டாள்.

பிறகு அந்தத் தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. செடியை எங்கே போடுவது? குப்பையில் போட்டால் காய்ந்து செத்துவிடும். அதை என்னால் செய்ய முடியவில்லை. வாளியில் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் குளத்துக்குப் போனேன். தண்ணீரில் வைத்ததும் மூன்றும் நிமிர்ந்து மிதந்தன. அவ்வளவுதான்.

"அந்த மனுசன்ட்ட சொல்லிருங்க," என்றாள் செண்பகம்.

"சொல்லுதேன்."

மார்ச் 6

மாசானம் நடுக்குளத்தில் இருந்தார். கூப்பிட்டுச் சொல்கிற விஷயமா?

மார்ச் 9

கயிறு வாங்க டவுனுக்குப் போய்விட்டேன். வெயில் ஏறிவிட்டது. கரையில் குவித்த அமலை காய்ந்து நாற்றம் எடுக்கிறது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. மட்கவைத்து உரமாக்கலாம் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். தெற்கு வயலில் குழி வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

மார்ச் 12

சொல்லவில்லை.

மார்ச் 15

விசாரணை. குழுத் தரப்பில் வெள்ளத்துரையும் நானும். எதிரே மாசானம், சலவை செய்த வெள்ளைச் சட்டையில். அதிகாரி சின்ன வயதுக்காரர். இரண்டு கடிதங்களையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தார். சிரித்தார்.

"புகாரும் விளக்கமும் ஒரே கையெழுத்தா இருக்கே. ரெண்டையும் நீங்கதான் எழுதினீங்களா சார்?"

"ஆமாம்," என்றேன்.

"நல்ல கையெழுத்து."

மாசானம் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். முகவரி தப்பாக வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டவர் போலப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் அதிகாரி கேட்ட எதற்கும் அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. தெற்குப் படித்துறை என்று ஒருதரம் ஆரம்பித்தார். "அதுக்கு சாட்சி உண்டா?" என்று கேட்டதும் நிறுத்திவிட்டார்.

சாட்சி ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தது.

மார்ச் 28

குத்தகை ரத்து. உத்தரவின் நகல் குழுவுக்கும் வந்திருக்கிறது. வெள்ளத்துரை எல்லோருக்கும் டீ சொன்னார். நான் குடிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. குடித்தேன்.

மார்ச் 29

குத்தகை ரத்தானதைச் செண்பகமும் கேள்விப்பட்டிருக்கிறாள். இன்று கேட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு? செடிய விட்டேன், தெரியாம விட்டேன்னு சொன்னா ஊரு உங்கள அடிச்சா போடும்?"

"சொன்னா, எதுக்கு விட்டன்னு கேப்பாவ."

"கேக்கட்டுமே."

"தொட்டிய ஏன் காலி பண்ணினன்னு கேப்பாவ."

"ஏன் காலி பண்ணுனிய?"

இரண்டு வருடமாக என் வாய்க்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது. கோமு போன பன்னிரண்டாம் நாள், செண்பகம் அவள் அண்ணன் வீட்டில் இருந்தபோது, சுகாதாரப் பணியாளர் ஒரு பெண் வந்தாள். டெங்கு வந்த வீடு என்பதால் மாடி வரை பார்க்க வேண்டும் என்றாள். தொட்டியில் டார்ச் அடித்தாள். ஒரு வெள்ளைக் கரண்டியில் தண்ணீரை மொண்டு என்னிடம் காட்டினாள். கரண்டிக்குள் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. "சார், இதை உடனே கொட்டிருங்க" என்றாள்.

அந்தத் தொட்டியை வாங்கிக் கொடுத்தது நான். பிறந்தநாள் பரிசாக.

சொல்லி முடித்ததும் செண்பகம் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு முன்னமே தெரியும். காய்ச்சல் வாரதுக்கு ஒரு வாரம் முந்தி, 'அம்மா, தொட்டித் தண்ணியில புழு இருக்கு, மாத்தணும், அந்தப் பக்கம் பிடிம்மா'ன்னு கூப்பிட்டா. நாளைக்குப் பாத்துக்கலாம்னேன். மறுநாளும் கூப்பிட்டா. எனக்கு இடுப்பு வலி. போகல. நான் உங்கட்ட சொல்லல. நீங்க தொட்டியக் காலி பண்ணிட்டிய, நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்."

ஒரே வீட்டில், ஒரே தொட்டிக்காக, இரண்டு பேரும் தனித்தனியாக.

அந்தப் புழுவால்தான் காய்ச்சல் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. தெருவில் அன்று பதினோரு பேருக்குக் காய்ச்சல். இதை நான் அவளிடம் சொன்னேன். அவள் என்னிடம் சொன்னாள். இருவரும் தலையாட்டினோம்.

ஏப்ரல் 7

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். செண்பகமும் வந்திருந்தாள். கோமுவின் தொட்டி, மூன்று செடி, வாளி, தெற்குப் படித்துறை, எல்லாம். மாசானம் குற்றமற்றவர், புகார்க் கடிதம் பொய், பொய் என்று தெரிந்தே எழுதினேன் என்றேன்.

பிறகு வெள்ளத்துரை எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர்.

"அண்ணாச்சி, பிள்ளையப் பறிகொடுத்த மனுசன் நீங்க. அந்த நேரத்துல என்ன செஞ்சோம், ஏது செஞ்சோம்னு யாருக்குத் தெரியும்? மூணு செடிதான? விடுங்க."

பெண்கள் அழுதார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். செண்பகத்தை நாலு பேர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஊரே வந்து எங்கள் தோளைத் தொட்டது.

"மாசானம் குத்தகை?" என்றேன்.

"அது ஆர்டர் ஆயிட்டே. இனி அடுத்த ஏலத்துல அவன் வந்து கேட்டா பாப்போம். இத நோட்ல எழுதாண்டாம் அண்ணாச்சி. உங்க பேரு கெட்டிரும்."

எழுதினேன். குழு நோட்டில், தேதி போட்டு, முழுவதும் எழுதிக் கையெழுத்திட்டேன். நகல் எடுத்து அலுவலகத்துக்கும் இன்றைக்கே அனுப்பினேன்.

ஏப்ரல் 8

மாசானம் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் வலைகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் உள்ளே முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நேற்றுக் கூட்டத்தில் நடந்தது அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பாலக்காட்டுப் பக்கம் கட்டட வேலைக்கு மச்சினன் கூப்பிட்டிருக்கிறானாம்; நாளைக் காலை பஸ்.

மன்னிப்புக் கேட்டேன். அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன், குத்தகை திரும்பக் கிடைக்கும், போக வேண்டாம் என்றேன்.

அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க வேணும்னு செய்யல. அது எனக்குப் புரியுது ஐயா. பாப்பாவ நான் பாத்திருக்கேன். சைக்கிள்ல போகையில மீன் இருக்கா அண்ணேன்னு கேக்கும். நல்ல பிள்ள."

கட்டிய வலையைச் சுவரோரம் சாய்த்துவைத்தார்.

"ஆனா ஒண்ணு. ஒரு வருசமா நான் சொல்லுதேன், நான் கொண்டாரல, நான் கொண்டாரலன்னு. ஒருத்தர் கேக்கல. நேத்து நீங்க ஒரே ஒரு தடவ சொன்னிய. ஊரே அழுதுருக்கு. உங்க செடின்னதும் அது மூணு செடி ஆயிட்டு. என் செடியா இருக்கையில அது குளத்தையே அழிச்ச செடி."

பேச்சித்தாயின் கை நின்றது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வெயில் ஏறுது. வீட்டுக்குப் போங்க ஐயா," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 9

காலை பஸ்ஸில் போய்விட்டார்.

மே 12

குளம் சுத்தமாகிவிட்டது. கடைசி ஜேசிபி லோடு இன்று. நடுக்குளத்தில் ஆழமான இடத்தில் நின்ற பாயை அறுத்தெடுக்க ஆளில்லாமல் பத்து நாள் தாமதம். கடைசியில் வெளியூரிலிருந்து இரண்டு பேரை மிதவையோடு கூட்டிவந்தார்கள். தண்ணீர் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. மிகக் கொஞ்சம், கலங்கலாக.

கரையில் பேனர் கட்டியிருக்கிறார்கள். பாடுபட்டவர்கள் பட்டியலில் தலைவருக்கு அடுத்தபடியாக என் பெயர். மாசானம் பெயர் இல்லை. சேர்க்கச் சொன்னேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம் என்றார்கள். என் பெயரை எடுக்கச் சொன்னேன். சிரித்தார்கள்.

இரண்டு மாதம் அந்தப் புண் காலோடு அவர் நின்ற தண்ணீர் இது.

ஜூன் 20

அலுவலகத்திலிருந்து பதில். மூன்று வரி. "தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. குத்தகை ஏற்கெனவே வேறொரு நபருக்கு வழங்கப்பட்டுவிட்டதால் மறுபரிசீலனைக்கு இடமில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது."

பேச்சித்தாயிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். "சரி" என்றாள்.

மாசானத்துக்கும் ஒரு கடிதம் எழுதினேன். விலாசம் கேட்டேன். கட்டட வேலையில் ஊர் ஊராக மாறுவதால் விலாசம் கிடையாதாம்.

ஆகஸ்ட் 4

கோமு இருந்தால் இன்று இருபது முடிந்திருக்கும். செண்பகம் பாயசம் வைத்தாள். இருவரும் அவளைப் பற்றிப் பேசினோம். அவள் போன பிறகு இவ்வளவு நேரம் பேசியது இன்றுதான். அவள் தேங்காய் உடைக்கப் பயப்படுவதைச் சொல்லிச் செண்பகம் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து உள்ளே போனாள்.

அக்டோபர் 14

நாலு நாளாக மழை. குளத்தில் கணுக்கால் தண்ணீர். பேராசிரியை சொன்னபடியே, சேற்றில் அமலை முளைத்திருக்கிறது. விரல் நகமளவு இலை. குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஆயிரக்கணக்கில்.

குழுவுக்குச் சொல்லி அனுப்பினேன். நடவு நேரம், யாரும் வரவில்லை. நானும் செண்பகமும் ஆளுக்கொரு வாளியோடு இறங்கினோம். அவள் இதற்கு முன் குளத்துக்குள் கால் வைத்ததில்லை. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தெற்குப் படித்துறையிலிருந்து ஆரம்பித்தாள்.

அக்டோபர் 17

மூன்று நாளில் படித்துறை ஓரம் மட்டும்தான் முடிந்திருக்கிறது. இருபது வருடம் என்றால் எனக்கு எண்பது தாண்டிவிடும்.

அக்டோபர் 19

இன்று காலை பேச்சித்தாய் வந்தாள். நாங்கள் கூப்பிடவில்லை. வடக்கு மடைப் பக்கம் இறங்கித் தனியாகப் பிடுங்கத் தொடங்கினாள். செண்பகம் சோற்று வாளியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள். வெகுநேரம் நின்றாள். அவர்கள் பேசினார்களா என்று இங்கிருந்து தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஒற்றை வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்துவிட்டோம். மாசானம் எப்படியிருக்கிறார் என்று கேட்டேன்.

"போன் வந்து மூணு வாரம் ஆச்சு. கால் புண்ணு ஆறலன்னாவ," என்றாள்.

குனிந்து பிடுங்கினேன். கண் சரியாகத் தெரியவில்லை. கையில் பட்டதையெல்லாம் பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயா, நிறுத்துங்க."

நிமிர்ந்தேன்.

"அது அமலை இல்ல. அல்லி. இலைய பாருங்க, அடியில செவப்பா இருக்கும். நம்ம குளத்து அல்லிதான். அமலை மூடுனப்போ செத்துப்போச்சுன்னு நினைச்சோம்."

என் விரலிடுக்கில் சின்னதாக, வட்டமாக, பாதி கிழிந்த ஒரு இலை. வாளிக்குள்ளும் இரண்டு மூன்று கிடந்தன. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"அவிய இருந்தா மொதல்லயே சொல்லிருப்பாவ," என்றாள் பேச்சித்தாய். சொல்லிவிட்டு, தன் வரிசையில் குனிந்துகொண்டாள்.